டோக்கன் 614, நோயாளி 31

மருதமலை ரோட்டில் பேக்கரிக்கும் மெடிக்கலுக்கும் நடுவே
என் கடை. நகல், தட்டச்சு, பைண்டிங்.
சித்திரை முடியும்போது ஆய்வேடுகள் வந்து இறங்கும்,
ஈரோட்டு மண்டியில் மஞ்சள் மூட்டை இறங்குவது போல.

ஒரே நாளில்
நொய்யல் கரையில் கிடைத்த சூதுபவள மணிக்குத் துளையிட்ட விதம்,
தாளவாடிக் குழந்தைகளின் ரத்தசோகை,
நிலத்துக்கு எல்லை சொல்ல ஒரு கரையான் புற்றைக் காட்டும் செப்பேடு,
ஆழ்குழாய்த் தண்ணீர் குடித்துப் பழுப்பேறிய பற்கள்,
பிளேக் வந்த வருசம் ஊரைக் காலிசெய்தவர்கள்
கட்டுத்தறியிலேயே விட்டுப் போன மாடுகள்.
எல்லாவற்றுக்கும் ஒரே அட்டை, அரக்குச் சிவப்பு ரெக்சின்.
முதுகில் பொன்னெழுத்து.
பிரதிக்கு முந்நூற்றைம்பது. அவசரம்னா நானூறு.

எதையும் படிப்பதில்லை. பக்க எண் மட்டும் பார்ப்பேன்.
படித்தால் பிழைப்பு நடக்காது.

அன்றைக்குக் கரண்ட் போய்ப் போய் வந்தது.
சென்னியப்பன் சாரின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்
டாக்டர் நிலோஃபரின் கட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.
அவருடையது வரலாறு: மில்லின் பழைய வருகைப் பதிவேடுகள்.
டாக்டரம்மாவுடையது நுரையீரல்:
பழைய ஆஸ்பத்திரி ஏடுகளிலிருந்து அறுபத்து மூன்று பேர்.
பிரித்தெடுக்கக் கை வைத்தபோதுதான்
பெயரைப் பார்த்தேன்.

டோக்கன் 614. வெ. மாரண்ணன். புளோ ரூம்.
திங்கட்கிழமை வரவில்லை. எட்டணா அபராதம்.
திங்கட்கிழமை வரவில்லை. எட்டணா.
திங்கட்கிழமை.
அடியில் சார் எழுதியிருந்தார்:
வார விடுப்பைத் தாமே ஒரு நாள் நீட்டிக்கொண்ட
தொழிலாளரின் மௌன எதிர்ப்பு.

எங்கய்யனா? எதிர்ப்பா?
மேஸ்திரியின் சைக்கிளுக்குக்கூட
பள்ளத்தில் இறங்கி வழிவிட்ட ஆளுங்க அது.

எதிர்ப்பக்கத்தில் டாக்டரம்மாவின் அட்டவணை. இங்கிலீஷ்தான்.
ஆனாலும் கட்டம் எந்த மொழியிலும் கட்டம்.
நோயாளி 31. ஆண். வயது ஐம்பத்து நான்கு.
பஞ்சுத் தூசியில் இருபத்தேழு வருடம்.
இடக்கைச் சுண்டுவிரல் இல்லை.
விடுமுறை கழிந்த முதல் நாள் நெஞ்சு இறுக்கம்: உண்டு.
அந்தக் கடைசிக் கட்டத்தில் நாற்பத்தொரு பேருக்கு
உண்டு.

அந்த விரலை எனக்குத் தெரியும்.
ரோடு தாண்டும்போது
அது இல்லாத இடத்தைத்தான் பிடித்துக்கொள்வேன்.

எங்கள் வீட்டில் இன்னொரு ஆய்வு நடந்தது, அம்மாவுடையது.
ஞாயித்துக்கெழம கோழி தின்னா
திங்கக்கெழம நெஞ்சடைக்கும்.
சான்று: கண்ணால் கண்டது.
மறுத்தவர்: யாருமில்லை.
நான் நாலாவது படிக்கும்போது கறி நின்றது.
அய்யன் தட்டில் ரசம். இருமல் நிற்கவில்லை.
பக்கத்து வளவில் குழம்பு கொதிக்கும் நேரத்தில்
கதவைச் சாத்திக்கொண்டு
ரேடியோவைத் திருகிக்கொண்டிருப்பார்.

சாருக்குப் பேர் கிடைத்திருக்கிறது, மூச்சு கிடைக்கவில்லை.
டாக்டரம்மாவுக்கு மூச்சு கிடைத்தது,
பேரை விதிப்படி மறைத்துவிட்டார்.
ஒருத்தர் எழுந்து போன பத்து நிமிசத்தில் இன்னொருத்தர் வந்து
அதே ஸ்டூலில் உட்கார்ந்து
அதே வியாழக்கிழமை வேணும் என்றார்கள்.

பென்சிலால் சாரின் கடைசித் தாளில்
டாக்டரம்மாவின் நம்பரை எழுதினேன்.
அழித்தேன். பசை தடவுகிறவளுக்கு இதெல்லாம் எதுக்கு.
மறுபடி எழுதினேன், கொஞ்சம் அழுத்தி.
அதனதன் பக்கத்தை அதனதனில் சேர்த்து
பளு ஏற்றிவிட்டு ஷட்டரை இறக்கினேன்.

அந்த ஞாயிறு அரைக் கிலோ நாட்டுக்கோழி எடுத்தேன்.
காரணத்தை அம்மாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது,
முப்பது வருசமாக
ஒன்றும் செய்யாத கோழியைப் பிடித்து வைத்திருந்தோம் என்று.
அவள் தனக்கு ஒரே துண்டுதான் போட்டுக்கொண்டாள்.
"பாத்துத் தின்னு அம்முணி" என்றாள்,
"நாளைக்குத் திங்கக்கெழம."